காட்ட ஒன்றுமில்லாத வேலைக்கு ஒரு போர்ட்ஃபோலியோ

நடிப்புப் படிக்க விண்ணப்பிக்கும் பிள்ளைக்கு இரண்டு மோனோலாக், அதாவது ஒருவரே பேசும் வசனம், போதும். கேமரா முன்னால் நின்று பேசி அனுப்பிவிடலாம். செட் டிசைன் படிக்கப் போகிறவனிடம் வரைபடங்கள் இருக்கும், அட்டையில் வெட்டி ஒட்டிய குட்டி மேடைகளின் படங்கள் இருக்கும். உடை வடிவமைப்பு என்றால் தைத்ததைக் காட்டலாம். ஸ்டேஜ் மேனேஜ்மென்ட், அதாவது மேடை நிர்வாகம், படிக்க விண்ணப்பிக்கிறவள் எதைக் காட்டுவாள்? விளக்கு மாற வேண்டிய இடத்தில் மாறியது, கதவு திறக்க வேண்டிய நேரத்தில் திறந்தது, மேசைமேல் இருக்க வேண்டிய கடிதம் மேசைமேல் இருந்தது. இதை எப்படிப் படம் எடுப்பது? வேலை ஒழுங்காக நடந்தால் அப்படி ஒரு வேலை நடந்ததே பார்ப்பவருக்குத் தெரியாது. மகள் பன்னிரண்டாம் வகுப்பில் இருந்த வருடம் முழுக்க எங்கள் வீட்டில் ஓடிக்கொண்டிருந்த கேள்வி இதுதான். அவள் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாள். எனக்கு மட்டும் இன்னும் அடங்கவில்லை. இதே வழியில் பிள்ளையை அனுப்பப் போகும் இரண்டு மூன்று குடும்பங்கள் ஃபோனில் விசாரித்த பிறகு, எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது.

நாங்கள் இருப்பது நியூ ஜெர்சியில். நான் ஐசியூ நர்ஸ், பெரும்பாலும் நைட் டியூட்டி. வீட்டுக்காரர் எதையும் எக்ஸெலில் போட்டுப் பார்க்காமல் நம்பாதவர். பெண் இந்தப் படிப்பைச் சொன்னபோது அவர் திட்டவில்லை, புது ஷீட் ஒன்றைத் திறந்தார். மதுரையிலிருந்து மாமியார்தான் நேராகக் கேட்டார். “நாடகத்துல சேர் எடுத்துப் போடுறதுக்கா நாலு வருசம் படிக்கணும்?” அதுவும் உண்டு அத்தை என்றேன். ஆனால் அந்த நாற்காலி எந்த நிமிஷத்தில், யார் கையால், எந்த இடத்தில், எத்தனை வெளிச்சத்தில் போகிறது என்று முடிவு செய்து, நாள் தவறாமல் அப்படியே நடக்க வைக்கிறவள் உங்கள் பேத்தி என்றேன். “அப்ப மேஸ்திரின்னு சொல்லு” என்றார். இதைவிடச் சுருக்கமாக நானும் இதுவரை யாருக்கும் விளக்கியதில்லை.

இங்கே நடிகர்களின் தொழிற்சங்கம், 1913-இல் தொடங்கிய ஆக்டர்ஸ் ஈக்விட்டி. ஸ்டேஜ் மேனேஜர்களும் அதே சங்கத்தில்தான் உறுப்பினர்கள். ஒத்திகையில் 55 நிமிடத்துக்கு ஒருமுறை 5 நிமிட ஓய்வு, அல்லது 80 நிமிடத்துக்கு ஒருமுறை 10 நிமிட ஓய்வு என்பது அவர்கள் விதி. அந்தக் கடிகாரத்தைப் பார்க்கிறவரும் ஸ்டேஜ் மேனேஜர்தான். இயக்குநர் நல்ல வேகத்தில் இருப்பார், காட்சி கொதித்துக்கொண்டிருக்கும், அப்போது நடுவில் புகுந்து ஓய்வு நேரம் என்று சொல்லியாக வேண்டும். நாடகம் அரங்கேறிய பிறகு இயக்குநர் அடுத்த வேலைக்குக் கிளம்பிவிடுவார். அவர் வைத்துவிட்டுப் போனதை வைத்தபடி காப்பாற்றுவது இவர்கள் பொறுப்பு. காட்சிக்கு முன் “ஐந்து நிமிடம்” என்று இவர்கள் அறிவித்தால், காதில் விழுந்த நடிகர்கள் “தேங்க் யூ ஃபைவ்” என்று திருப்பிச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் சாப்பாடு ரெடியாக அஞ்சு நிமிஷம் என்றால் சின்னவன் மாடியிலிருந்து “தேங்க் யூ ஃபைவ்” என்று கத்துவான். டாக்டர் வாயால் சொல்லும் மருந்தின் அளவை நாங்கள் திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொள்கிறோமே, அதே சமாச்சாரம். மகளுடைய தொழிலை நான் புரிந்துகொண்டது முழுக்க ஆஸ்பத்திரி வழியாகத்தான்.

பளபளப்பும் பைண்டரும்

இந்த வேலையின் இதயம் ப்ராம்ப்ட் புக் என்கிற ஒரு தடித்த பைண்டர். ஒரு பக்கம் நாடகப் பிரதி. எதிர்ப்பக்கம் மேடையின் சிறிய வரைபடமும், யார் எங்கிருந்து எங்கே நகர்கிறார் என்ற குறிப்பும். பிரதியின் ஓரத்தில் விளக்கு, ஒலி, செட் நகர்வு என்று ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட க்யூக்கள், அதாவது இந்த இடத்தில் இது நடக்க வேண்டும் என்ற குறிப்புகள். எல்லாம் பென்சிலில், ஏனென்றால் ஒத்திகையில் தினமும் மாறும். விளக்கையும் ஒலியையும் இயக்குகிறவர்களை க்யூவுக்குச் சற்று முன்பே ‘ஸ்டேண்ட்பை’ என்று எச்சரிக்க வேண்டும், பிறகு குறிப்பிட்ட சொல்லில் அல்லது அசைவில் ‘கோ’. ஹெட்செட்டில் இருக்கும்போது அந்தச் சொல்லை வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது. பேச்சுவாக்கில் “லெட்ஸ் கோ” என்று சொல்லிவைத்தால் அங்கே ஒருவர் பட்டனை அழுத்திவிடுவார்.

விண்ணப்பத்தோடு காட்ட வேண்டிய வேலைத் தொகுப்பான போர்ட்ஃபோலியோவின் முதல் வடிவத்தை அவள் கோடை விடுமுறையில் செய்தாள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. நீல வெளிச்சத்தில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு அவள் உட்கார்ந்திருக்கும் படம், கலர் கலராய்ப் பக்க அடையாளங்கள் ஒட்டிய பைண்டரின் படம், ஒத்திகை அறைத் தரையில் செட்டின் அளவுக்கு அவள் ஒட்டிய டேப்பின் படம். கால் அங்குலம் ஓர் அடி என்ற கணக்கில் வரைந்த பிளானை, முக்கோண அளவுகோல் வைத்து அளந்து, உண்மை அளவில் தரையில் ஒட்டும் வேலை அது. கதவு எங்கே, மாடிப்படி எங்கே என்று நடிகர்களுக்கு அதை வைத்துத்தான் தெரியும். கடைசியில் பள்ளியில் போட்ட மியூசிக்கலின், அதாவது பாட்டும் ஆட்டமும் கலந்த நாடகத்தின், படங்கள் பல பக்கங்களுக்கு. காசு வாங்கிக்கொண்டு வழிகாட்டும் ஆட்கள் இதற்கும் உண்டு. அப்படி ஒருவரிடம் ஒரு மணி நேரம் பேசினோம். எழுத்துரு ஒரே மாதிரி இருக்கட்டும், படங்கள் பெரிதாக இருக்கட்டும், உன் ஆளுமை தெரியட்டும் என்றார். அந்த மூன்றாவது அறிவுரை என்னை உறுத்தியது. நாடகம் நடக்கும்போது யார் கண்ணிலும் படாமல் இருக்க வேண்டியவள் போர்ட்ஃபோலியோவில் எதற்காக முன்னால் வந்து நிற்க வேண்டும்? வீட்டில் இதைச் சொன்னேன். “அவருக்கு அனுபவம் இருக்கு, நமக்கு இல்ல” என்றார் வீட்டுக்காரர். நியாயம்தான். ஆனாலும் உறுத்தல் போகவில்லை.

அவளுடைய பள்ளியில் நாடக ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். இளமையில் ஊர் ஊராகப் போகும் நாடகக் குழுக்களில் ஸ்டேஜ் மேனேஜராக இருந்தவர். போர்ட்ஃபோலியோவைப் புரட்டிப் பார்த்துவிட்டு நல்லதாகவோ கெட்டதாகவோ எதுவும் சொல்லவில்லை. பைண்டரை எடுத்துக்கொண்டு வா என்றார். பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தியைக் கூப்பிட்டு அவளிடம் கொடுத்தார். வசந்த கால மியூசிக்கலின் வீடியோவைத் திரையில் ஓட விட்டு, இந்த பைண்டரை மட்டும் பார்த்து க்யூ கொடு என்றார். என் மகள் பின் வரிசையில் உட்கார வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது. பிக்கப் செய்ய வந்த நானும் டியூட்டிக்குப் போகும் உடையிலேயே ஓரமாக உட்கார்ந்தேன்.

முதல் சில பக்கங்கள் நன்றாகவே போயின. சின்னப் பெண் பென்சில் முனையால் வரியைத் தொடர்ந்துகொண்டே “ஸ்டேண்ட்பை லைட்ஸ் பன்னிரண்டு” என்று சொல்லி, சரியான சொல்லில் ‘கோ’ என்றாள். முதல் அங்கத்தின் நடுவில் ஒரு கூட்டப் பாட்டு வந்தது. அங்கே பைண்டரில் இருந்த குறிப்பு: “அவள் திரும்பும்போது.” திரையில் மூன்று பேர் திரும்பினார்கள். எந்த அவள்? அந்தப் பெண் தலையைத் தூக்கித் திரையைப் பார்த்தாள், பக்கத்தைப் பார்த்தாள், அதற்குள் பாட்டு இரண்டு வரி ஓடிவிட்டது. தாமதமாக ஒரு ‘கோ’. அடுத்த க்யூ ஒன்றன்பின் ஒன்றாய் மூன்று வரும் இடம். ஓரத்தில் நட்சத்திரக் குறி போட்டு “குறிப்பைப் பார்” என்று இருந்தது. அந்தக் குறிப்பு என் மகளின் ஃபோனில் இருந்தது. பின் வரிசையில் அவள் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, உதடு மட்டும் அசைய, சரியான இடங்களில் சத்தமில்லாமல் க்யூ கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒன்றுகூடத் தவறவில்லை. முன்னால் இருந்த பெண்ணோ பக்கத்தைத் தவறவிட்டுத் திண்டாடிக்கொண்டிருந்தாள். ஆசிரியர் வீடியோவை நிறுத்தினார். “இந்த ஷோவை உன்னால் நடத்த முடியும். அது எனக்குத் தெரியும். இந்த பைண்டரால் முடியாது” என்றார்.

காரில் வரும்போது நான் ஹேண்ட்ஓவர் பற்றிச் சொன்னேன். காலை ஏழு மணிக்கு என் நோயாளியை இன்னொரு நர்ஸிடம் ஒப்படைக்கிறேன். பிரஷர் எவ்வளவு, மருந்து எந்த வேகத்தில் போகிறது என்பதெல்லாம் கம்ப்யூட்டரிலேயே இருக்கிறது. நான் சொல்ல வேண்டியது மற்றவை. இடது கையில் நரம்பு கிடைக்காது, நேரத்தை வீணாக்காதே. வலப்பக்கம் புரட்டினால் ஆக்ஸிஜன் இறங்கும், ஒரு நிமிடம் பொறுத்தால் தானே ஏறிவிடும், பயப்படாதே. மகன் பத்து மணிக்கு வருவார், டாக்டரிடம் பேசியே ஆக வேண்டும் என்கிறார். நான் வீட்டுக்குப் போய்த் தூங்கும்போது யாரும் என்னைக் கூப்பிட்டு “அவள் என்று எழுதியிருக்கிறாயே, எந்த அவள்?” என்று கேட்கக் கூடாது. ஸ்டேஜ் மேனேஜருக்கு ஒருநாள் காய்ச்சல் வந்தால், பைண்டரை எடுத்து உட்காரும் இன்னொருவரால் அன்றைய காட்சியை நடத்த முடிய வேண்டும். ப்ராம்ப்ட் புக் என்று ஒன்றை வைத்திருப்பதே அதற்காகத்தானே? இதையெல்லாம் நான் சொல்லி முடித்ததும், “அம்மா, ப்ளீஸ், எல்லாத்தையும் கொண்டுபோய் ஹாஸ்பிடல்ல சேர்க்காத” என்றாள். சரி என்று வாயை மூடிக்கொண்டேன்.

தீர்மானத்தில் விழும் விளக்கு

அடுத்து நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. அதற்கு முந்தைய கோடையில் என் நாத்தனார் பெண்ணுக்குப் பரதநாட்டிய அரங்கேற்றம். இங்கே வழக்கம்போல ஒரு ஹைஸ்கூல் ஆடிட்டோரியத்தை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். பாட்டும் மிருதங்கமும் வயலினும் சென்னையிலிருந்து. மேடைக்குப் பின்னால் பார்த்துக்கொள்ள என் மகளை விட்டார்கள். அரங்கத்தின் விளக்குகளை இயக்கும் லைட் போர்டில் உட்கார்ந்தவர் அந்த இடத்தின் டெக்னீஷியன், வயதான அமெரிக்கர், பரதநாட்டியம் பார்த்ததே இல்லை. வந்த கலைஞர்களோடு முழு ஒத்திகை அரங்கேற்றத்துக்கு முதல்நாள்தான். அதில் பாதி நேரம் மைக் சரிபார்ப்பதில் போனது.

நிகழ்ச்சியின் நீண்ட உருப்படியான வர்ணத்துக்கு விளக்கு மாற வேண்டிய இடங்களை மகள் வகுப்பு வீடியோக்களைப் பார்த்துக் குறித்திருந்தாள். பல்லவி நான்காவது முறை வரும்போது என்று எழுதி டீச்சரிடம் காட்டினாள். டீச்சர் சிரித்துவிட்டார். “நாலு தடவையா அஞ்சு தடவையான்னு அன்னிக்கு அவ முகத்தைப் பாத்துத்தான்டா பாடுவாங்க” என்றார். ஒரே வரியை அபிநயத்தில் விதவிதமாக விரித்துக் காட்டும் சஞ்சாரி நன்றாக வந்தால் பாடகர் அதே வரியைத் திரும்பத் திரும்ப எடுப்பார். எண்ணிக்கையை நம்பி விளக்கைப் போட முடியாது. எது மாறாது என்று கேட்டிருக்கிறாள். ஜதியை முடித்துவைக்கும் தீர்மானம் மாறாது. அபிநயம் எவ்வளவு நீண்டாலும் ஜதி வந்து முடிந்தாக வேண்டும், முடியும்போது அந்த முத்தாய்ப்பு மூன்று முறை வந்தே தீரும். ஆகவே க்யூ அங்கே: மூன்றாவது ‘ததிங்கிணதொம்’மில் ‘தொம்’ விழும்போது. இது நமக்குப் போதும். லைட் போர்டில் இருப்பவருக்கு? அவருக்காக மூன்று பத்தி போட்ட ஒரு தாள் தயாரித்தாள். காதில் என்ன கேட்கும், கண்ணில் என்ன தெரியும், நீங்கள் என்ன செய்ய வேண்டும். கேட்பது: பாட்டு நின்று, உட்கார்ந்திருக்கும் பெண்மணி கையிலுள்ள தாளத்தைத் தட்டிக்கொண்டே வேகமாகச் சொற்களைச் சொல்வார். தெரிவது: ஆடுபவள் பின்னால் போய் நேர்கோட்டில் முன்னே வருவாள், ஒரே அசைவை மூன்று முறை செய்வாள். செய்ய வேண்டியது: மூன்றாவதில் என் ‘கோ’. அபிநயமே பிரதானமான பதத்துக்குப் போட்டிருந்த குறிப்பு எனக்கு மிகவும் பிடித்தது: “முகபாவம் மாறும், பாட்டு உருகும், விளக்கை மாற்றத் தோன்றும். மாற்ற வேண்டாம்.” உடை மாற்ற எத்தனை நிமிடம், அந்த நேரத்தில் மேடையில் யார் பேசுவார்கள் என்பதும் அதே தாளில். சிறப்பு விருந்தினர் உரை, நிகழ்ச்சி நிரலில் 5 நிமிடம், நடக்கப்போவது 15 என்று எழுதியிருந்தாள். 20 ஆனது.

இந்தத் தாளை அவள் போர்ட்ஃபோலியோவில் சேர்க்கவே இல்லை. அது குடும்ப விசேஷம், நாடகம் இல்லையே என்பது அவள் எண்ணம். பைண்டர் சோதனைக்குப் பிறகு தானாகவே தேடி எடுத்தாள். அதே பத்தாம் வகுப்புப் பெண்ணைக் கூப்பிட்டு, அரங்கேற்ற வீடியோவைப் போட்டு, தாளைக் கையில் கொடுத்தாள். அந்தப் பெண்ணுக்குத் தமிழும் தெரியாது, தாளமும் தெரியாது. வர்ணத்தில் எல்லாம் சரியாக விழுந்தது. தில்லானாவில் ஒன்று தவறியது. அதுவும் ஏன் என்று உடனே பிடிபட்டது, கண்ணில் தெரிவது என்ற பத்தியில் வலப்புறம் என்று போட்டிருந்தாளே தவிர, யாருடைய வலப்புறம் என்று போடவில்லை. மேடைக் கணக்கில் வலப்புறம் என்றால் பார்வையாளரைப் பார்த்து நிற்கும் நடிகரின் வலப்புறம். அந்தப் பெண் வீடியோ பார்க்கிறவளின் வலப்புறத்தை எடுத்துக்கொண்டாள்.

எனக்கு அன்றைக்குத்தான் ஒரு விஷயம் நிலைப்பட்டது. மியூசிக்கல் பைண்டரை அவள் தனக்காக எழுதியிருந்தாள். அரங்கேற்றத் தாளை அன்னியர் ஒருவருக்காக எழுதியிருந்தாள். வேலை எப்படிச் செய்வாள் என்று கல்லூரிக்குத் தெரிய வேண்டுமானால், காட்ட வேண்டியது இரண்டாவது வகைக் காகிதம். முதல் வடிவத்தில் இருந்த படங்களில் பெரும்பாலானவற்றை அவளே தூக்கிவிட்டாள். மிஞ்சிய ஒவ்வொரு பக்கத்துக்கும் கீழே ஒரு வரி: இதை யார் பயன்படுத்தினார், எதற்காக. மியூசிக்கல் பைண்டரில் அந்தக் கூட்டப் பாட்டின் பக்கத்தை மறுபடி எழுதி, பழையதையும் புதியதையும் அருகருகே வைத்தாள். ஒத்திகை அறிக்கை ஒன்று. ஒவ்வொரு நாள் ஒத்திகைக்குப் பிறகும் எல்லாத் துறைக்கும் போகும் கடிதம் அது. “இரண்டாம் காட்சித் தட்டின் கைப்பிடி கழன்றுவிட்டது. இப்போதைக்கு ஒட்டியிருக்கிறோம். வெள்ளிக்கிழமை முழு ஒத்திகைக்கு வேறு தட்டு வேண்டும்.” யார் உடைத்தது என்று எழுதக் கூடாது. அறிக்கையில் எதைச் சொல்வது, எதை நேரில் போய்ச் சொல்வது என்ற நிதானமும் அந்தப் பக்கத்தில் தெரியும். ரெண்டு பிள்ளைகளை வளர்த்த எனக்கே அந்த நிதானம் எல்லா நாளும் வாய்ப்பதில்லை.

நேர்காணல்கள் சில ஜூமில், சில நியூ யார்க்கில். யூனிஃபைட்ஸ் என்ற பெயரில் பல கல்லூரிக்காரர்கள் ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் நியூ யார்க், சிகாகோ போன்ற ஊர்களில் ஒரே இடத்தில் கூடி, விண்ணப்பித்த பிள்ளைகளைப் பார்ப்பார்கள். நடிப்புக்கு வந்த பிள்ளைகள் தாழ்வாரமெங்கும் சுவரைப் பார்த்து வசனம் பேசிக்கொண்டிருப்பார்கள். நடுவே இவள் பைண்டரைக் கட்டிக்கொண்டு அமைதியாக உட்கார்ந்திருந்தாள். உள்ளே என்ன நடந்தது என்று அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஒருவர் அரங்கேற்றத் தாளில் நின்றுவிட்டாராம். இந்த எழுத்துகளைச் சொல்லிக் காட்டு என்றாராம். தொடையில் ஆதி தாளம் போட்டுக்கொண்டு சொன்னாளாம். பாடியே நடிக்கும் ஓபராவில் வசனத்தை வைத்து க்யூ கொடுக்க முடியாது, இசைப் பிரதியைப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும், உனக்கு மேற்கத்திய இசையை எழுதும் ஸ்டாஃப் நொட்டேஷன் வாசிக்கத் தெரியுமா என்று கேட்டிருக்கிறார். தெரியாது என்று சொல்லியிருக்கிறாள். அப்படியானால் இந்தக் கோடையிலேயே பழகு, பாதி வேலை உனக்கு ஏற்கெனவே வந்துவிட்டது என்றாராம்.

கேட்க வேண்டிய கேள்வி

கல்லூரி தேர்வுக்கு வருவோம். வீட்டுக்காரரின் எக்ஸெலில் முதலில் தரவரிசைப் பத்தி ஒன்று இருந்தது. பிறகு அதை அவரே மறைத்துவிட்டார். ஏனென்றால் இந்தப் படிப்பில் இடங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி. பிட்ஸ்பர்கின் கார்னெகி மெலன், 1914-இல் அமெரிக்காவிலேயே முதன்முதலாக நாடகத்துக்குப் பட்டம் கொடுத்த இடம். ஸ்டேஜ் அண்ட் புரொடக்‌ஷன் மேனேஜ்மென்ட் என்று சேர்த்தே சொல்லித்தருகிறார்கள். பாஸ்டனின் எமர்சனிலும் அப்படித்தான். வின்ஸ்டன் சேலத்தில் இருக்கும் வட கரோலினா கலைப் பள்ளி 1963-இல் அந்த மாநிலச் சட்டமன்றம் தொடங்கியது. நாடகம், நடனம், இசை, திரைப்படம், அரங்க வடிவமைப்பு என்று ஐந்து பள்ளிகள் ஒரே வளாகத்தில். சின்சினாட்டியின் கன்சர்வேட்டரியில் ஓபராவும் மியூசிக்கலும் சேர்ந்து கிடைக்கும். சிராக்யூஸில் தொழில்முறை நாடகக் குழுவான சிராக்யூஸ் ஸ்டேஜும் நாடகத் துறையும் ஒரே கட்டடத்தில். செயின்ட் லூயிஸின் வெப்ஸ்டர் வளாகத்து அரங்கில் பல ஆண்டுகளாகத் தொழில்முறை நாடகமும் ஓபராவும் நடந்திருக்கின்றன. எந்த இடம் முதலில், எது இரண்டாவது என்று இதை எப்படி வரிசைப்படுத்துவது? ஓபரா வேண்டும் என்பவளுக்கு ஒரு விடை, நியூ யார்க்கின் பெரிய வணிக அரங்குகளான பிராட்வே வேண்டும் என்பவளுக்கு வேறு விடை, நடனத்தோடு நிற்க ஆசைப்படுகிறவளுக்கு இன்னொன்று. பதினேழு வயதில் எது வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை.

எங்களுக்கு உதவியது பைண்டர் சோதனைதான். கல்லூரிகளுக்குப் போனபோது மகள் அங்கே படிக்கும் பிள்ளைகளிடம் கேட்ட முதல் விஷயம், “உங்க ப்ராம்ப்ட் புக்கைக் கொஞ்சம் பார்க்கலாமா?” சந்தோஷமாக எடுத்து வந்து மணிக்கணக்கில் பேசியவர்கள் உண்டு. ஓர் இடத்தில் வளாகத்தைச் சுற்றிக் காட்டியவர் புதுக் கட்டடத்தையும், செட்டை மேலே தூக்கும் இயந்திரங்களையும், பளிங்கு போன்ற ஒத்திகை அறைகளையும் காட்டினார். மாணவர்களைத் தனியாகப் பிடித்துக் கேட்டால், பெரிய அரங்கில் நடக்கும் நாடகங்களுக்கெல்லாம் முதுகலையான எம்எஃப்ஏ படிப்பவர்கள்தான் க்யூ கொடுக்கிறார்கள், நாங்கள் உதவியாளர்கள் என்றார்கள். அது குறை என்று நான் சொல்லவில்லை. நல்ல ஆளின் பக்கத்தில் மூன்று வருடம் உட்கார்ந்து பார்ப்பதும் ஒரு படிப்புதான். ஆனால் அது விளம்பரப் புத்தகத்தில் இருக்காது, கேட்டால்தான் தெரியும். வேறொரு சின்ன இடத்தில், அவ்வளவாகப் பெயர் தெரியாத ஊர், இரண்டாம் ஆண்டுப் பெண் ஒருத்தி முழு நாடகத்துக்கு க்யூ கொடுத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய பேராசிரியர் பின்னால் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, முடியும்வரை பேசவே இல்லை. முடிந்ததும் மூன்றே குறிப்பு சொன்னார். அந்த மௌனம் எனக்குப் பிடித்திருந்தது. எங்கள் ஐசியூவில் புது நர்ஸ்களைப் பழக்குகிறவர்களில் பாதிப் பேருக்கு அது வராது.

தமிழ்ப் பெற்றோர் எல்லோரும் கேட்கும் கேள்வியை நாங்களும் கேட்டோம்: கூடவே கம்ப்யூட்டர் சயின்ஸும் எடுக்கலாமா? பிஏ பட்டமாக நாடகத்தை எடுத்தால் ஓரளவு முடியும். முழுக்கத் தொழிற்பயிற்சியாக இருக்கும் பிஎஃப்ஏ பட்டம் என்றால் பெரும்பாலும் நடக்காது. பகலில் வகுப்பு, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ஒத்திகை, நாடகம் அரங்கேறுவதற்கு முந்தைய வாரம், விளக்கு, ஒலி, செட் எல்லாம் சேர்த்துப் பார்க்கும் டெக் என்று காலை முதல் இரவு வரை அரங்குக்குள். கம்ப்யூட்டர் லேப் அறிக்கையை எந்த நேரத்தில் எழுதுவாள்? விசாரித்த இடங்களில் ஒரு பேராசிரியர் மட்டும் வளைக்காமல் பேசினார். இரண்டையும் செய்யத் துடிக்கிறவளாக இருந்தால் பிஏவுக்குப் போகட்டும், நல்ல ஸ்டேஜ் மேனேஜர்கள் அங்கிருந்தும் வருகிறார்கள் என்றார். எனக்கு அவர்மேல் மரியாதை கூடியது. மகளோ, கம்ப்யூட்டர் சயின்ஸ் என்ற சொல்லே காதில் விழாதது போல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்புறம் காசு. பெரிய தனியார் பல்கலைக்கழகங்களில் தங்கும் செலவும் சேர்த்து வருடத்துக்கு 80 ஆயிரம் டாலரைத் தாண்டுகிறது. வீட்டுக்காரர் எங்கிருந்தோ ஒரு தகவலைப் பிடித்து வந்தார். டேவிட் கெஃபன் அறக்கட்டளை கொடுத்த 15 கோடி டாலர் நன்கொடையால் 2021 முதல் யேலின் நாடகப் பள்ளியில் யாருக்கும் கல்விக் கட்டணம் இல்லை, அங்கே ஸ்டேஜ் மேனேஜ்மென்ட்டில் முதுகலையும் இருக்கிறது. “மேல்படிப்பு அங்க சும்மா கிடைக்கும்னா, இப்ப எதுக்கு இவ்வளவு கடன்?” தர்க்கம் சரிதான். அங்கே நுழைவது எத்தனை கடினம் என்பது அவர் ஷீட்டில் இல்லை. ஆனாலும் அந்தக் கேள்வி எங்கள் முடிவைத் தீர்மானித்தது என்றே சொல்ல வேண்டும். கடன் வாங்கி முதல் பட்டம் வாங்கினால், முடித்ததும் அவள் கிடைக்கும் எந்த வேலைக்கும் போயாக வேண்டும். கடன் இல்லாமல் முடித்தால், சம்பளம் குறைந்த நல்ல நாடகத்துக்கும் போகலாம், மேலே படிக்கவும் போகலாம். 2020 மார்ச் 12 அன்று பிராட்வே மொத்தமும் மூடி, ஓராண்டுக்கு மேல் திரை எழவே இல்லை. அந்த மாதங்களைத் தாண்டிய ஸ்டேஜ் மேனேஜர்கள் பிழைப்புக்கு வேறு வேலை தேடியதைப் பள்ளி நாடக ஆசிரியர் எங்களிடம் மறைக்காமல் சொன்னார். ஓபரா, கப்பல்களில் நடக்கும் ஷோ, தீம் பார்க், கம்பெனி விழாக்கள் என்று இந்தத் திறமைக்கு வேறு வாசல்களும் இருக்கின்றன என்பதையும் சொன்னார். இரண்டையும் ஷீட்டில் ஏற்றினோம். ஒரு கட்டத்துக்கு மேல் ஷீட் எதையும் சொல்லவில்லை.

பட்டமே வேண்டுமா என்பதில் எனக்கு இன்னமும் முழுத் தெளிவு இல்லை. அந்த ஆசிரியர் பட்டம் வாங்கியது வரலாற்றில். தொழிலைக் கற்றது ஊர் ஊராகப் போகும் நாடகக் குழுவின் வேன் பயணங்களில். இன்றைக்கு அந்த வழி இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது, ஆனால் யாராவது உங்களை வேனில் ஏற்ற வேண்டுமே, அதற்கு யாரையாவது தெரிந்திருக்க வேண்டுமே என்றார். இந்த ஊரில் நாடகக்காரர்கள் யாரையும் தெரியாத எங்களுக்கு அந்த நாலு வருடம் அறிமுகங்களுக்கான விலையும்தான். அதைப் படிப்பு என்று மட்டும் சொல்லிக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை.

எந்தக் கல்லூரி என்று எழுதக் கூடாது என்பது அவள் போட்ட நிபந்தனை. பெரிய பெயர் இல்லாத இடம், உதவித்தொகை நன்றாகக் கிடைத்தது, சேருவதை உறுதி செய்யும் கடைசி நாளான மே 1-க்கு முந்தைய இரவு பணம் கட்டினோம். மாமியாரிடம் சொன்னபோது “அங்க சாப்பாடு எப்படி?” என்பதோடு முடித்துக்கொண்டார். முதல் செமஸ்டரில் க்யூ கொடுப்பதெல்லாம் இல்லை. முதலாண்டுப் பிள்ளைகள் எல்லோரும் ஏதாவது ஒரு குழுவில் கைவேலை செய்ய வேண்டும். இவளுக்கு விழுந்தது வார்ட்ரோப். காட்சி முடிந்ததும் நடிகர்கள் கழற்றிப் போடும் வியர்வைச் சட்டைகளைத் துவைத்துக் காயப்போட்டு, மறுநாள் இஸ்திரி போட்டு, பெயர் ஒட்டிய ஹேங்கரில் மாட்டி வைக்க வேண்டும். பதினெட்டு வருடத்தில் எங்கள் வீட்டு வாஷிங் மெஷின் பக்கமே போகாதவள் ஃபோன் பண்ணி, “அம்மா, ரத்தம் மாதிரி மேக்கப் காலர்ல ஒட்டிருச்சு, குளிர்ந்த தண்ணியா, சுடுதண்ணியா?” என்று கேட்டாள். குளிர்ந்த தண்ணி என்றேன். எழுதிக்கொண்டாள். அடுத்த ஷிஃப்டுக்கு வருகிற பையனுக்காம்.